சிலேட்டும் நாற்பதாம் பக்கமும்

திரவியம் அண்ணாச்சி எழுந்து பேச ஆரம்பித்துப் பத்து நிமிஷம் ஆகிவிட்டது, ஆவுடைக்கு இன்னும் மாசானம் அண்ணனா தம்பியா என்பது பிடிபடவில்லை. தம்பிதான். தம்பியாகத்தான் இருக்கணும், ஊரைவிட்டு ஓடுகிறவன் எந்தக் கதையிலும் தம்பிதானே, அண்ணன்காரனுக்கு ஓட எங்கே நேரம் இருக்கிறது. இல்லை, இது யோசித்துச் சொல்கிற பதில், ஞாபகத்திலிருந்து வருகிற பதில் இல்லை. இரண்டு மாசம் உட்கார்ந்து கடைசி வரி வரைக்கும் படித்த நாவலில் அண்ணன் யார் தம்பி யார் என்று துப்புத் துலக்க வேண்டியிருக்கிறதே, அட முருகா, இது நல்லதுக்கா? பாளையங்கோட்டையில் இந்த நூலகத்து மாடி ஹாலில் இரண்டாவது சனிக்கிழமைதோறும் சாயங்காலம் நாலு மணிக்கு வாசகர் வட்டம் கூடும். செயலாளர் எட்வின் சாருக்கு ஆகஸ்ட் கூட்டத்தில் ஒரு யோசனை உதித்தது. காகிதத்தில் படித்தால் மனசில் நிற்குமா, திரையில் படித்தால் நிற்குமா என்று ஆளாளுக்கு வாய் வலிக்கப் பேசுகிறோமே, நாமே சோதித்துப் பார்த்தால் என்ன? ஒரே நாவல், ‘ஏழாம் நம்பர் மதகு’, யாரும் முன்னே படிக்காதது. இரண்டு பேர் அச்சுப் புத்தகத்தில் படிக்க வேண்டியது, இரண்டு பேர் கருவியில். அப்புறம் அக்டோபர் கூட்டத்தில் கையில் துண்டுச் சீட்டுக்கூட இல்லாமல் எழுந்து நின்று கதையை வாயால் சொல்ல வேண்டியது. சீட்டில்லாமல் பேசுவது வட்டத்தின் பழைய விதி. குறிப்பைப் பார்த்துப் பேசுகிறவருக்கு இங்கே டீ கிடையாது என்று எட்வின் சார் சிரித்துக்கொண்டே சொல்வார், நிஜமாகவே கொடுக்கவும் மாட்டார். அச்சுக்குத் திரவியம் அண்ணாச்சியும் குற்றாலிங்கமும். கருவிக்குக் காலேஜில் வேலை பார்க்கிற பெர்சியாவும் ஆவுடையும். குற்றாலிங்கம் ஆவுடையின் வீட்டுக்காரர். அந்த மனுஷர் வாசலிலேயே தொண்டையைத் தடவிக் காட்டி, “சார், நமக்குச் சளி கட்டிக்கிட்டு, பேச்சு வராது. எனக்கும் சேத்து இவ சொல்லுவா” என்று கழன்றுகொண்டு, கடைசி வரிசையில் ஜன்னலோரமாகப் போய் உட்கார்ந்துவிட்டார். சேர்த்துச் சொல்ல நல்ல ஆளைப் பிடித்தார் போங்கள்.

திரவியம் அண்ணாச்சி மருந்துக்கடை வைத்திருந்தவர். எந்த மாத்திரை எந்தத் தட்டில் என்று முகத்தைத் திருப்பாமல் கையை நீட்டி எடுப்பார், பேச்சும் அப்படியே இருந்தது. “நூத்திப்பத்தாம் பக்கம், இடது கைப்பக்கம், கீழேருந்து நாலாவது வரி. அங்கதான் மதகுக்காரரு சாவியைத் தொலைக்காரு” என்றார், எல்லாரும் ஆகா என்று தலையை ஆட்டினார்கள், ஆவுடையைத் தவிர. சாவி தொலைந்ததா? எங்கே? அவள் படித்த கதையில் சாவி தொலைந்ததா? இந்த இடது கைப்பக்கம், கீழேயிருந்து நாலாவது வரி என்கிற வித்தை அவளுக்கும் ஒரு காலத்தில் கைவந்ததுதான். புத்தகம் என்றால் அவளுக்கு ஒரு வீடு மாதிரி, எந்தச் சங்கதி எந்த மூலையில் கிடக்கிறது என்று கைக்குத் தெரியும். வலது கையில் கனம் குறையக் குறைய, ஐயோ இன்னும் இவ்வளவுதானா, இதற்குள் அந்தப் பெண்ணுக்கு நல்லகாலம் பிறக்குமா என்று பதறிக்கொண்டே படிப்பாள். கல்யாணமான வருஷத்திலிருந்தே அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம், ஒரே புத்தகத்தை இரண்டு பேரும் ஒரே சமயத்தில் படிப்பது. ஒன்றுக்கு இரண்டாக வாங்குவது கிடையாது. அவர் ஆபீசுக்குப் போன பகலில் இவள், இவள் டியூட்டிக்குப் போன நேரத்தில் அவர். அவருக்கு அடையாளம் மின்வாரியத்து அளவெடுக்கும் அட்டை, இவளுக்கு ஒரு கொண்டை ஊசி. யார் எதுவரை வந்திருக்கிறார் என்று புத்தகத்தைப் பக்கவாட்டில் பார்த்தாலே தெரிந்துவிடும். முந்திப் போனவர் பிந்தி வருகிறவரிடம் வாயைத் திறக்கக் கூடாது, அதுதான் சட்டம். ஒருதடவை ஒரு துப்பறியும் கதையில் கொலைகாரன் அந்தக் கம்பவுண்டர்தான் என்று சாப்பிடும்போது வாய் தவறிச் சொல்லிவிட்டார். இரண்டு நாள் அவள் அவரிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் அல்வாப் பொட்டலத்தோடு வந்து நின்று, “கம்பவுண்டர் இல்லட்டி, நான் பொய் சொன்னேன்” என்று அதற்கும் ஒரு பொய் சொன்னார்.

போன தைக்குப் பிறகு வந்தது இந்தக் கண் வினை. வாசல் நிலைக்கால் நேராக இல்லாமல் நடுவில் வளைந்து தெரிந்தது. கொத்தனாரைக் கூப்பிட வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தாள், கூத்தைக் கேளுங்கள். கண்ணாஸ்பத்திரியில் விழித்திரையின் நடுப்பகுதியில் வீக்கம் என்று கண்ணுக்குள்ளேயே ஊசி போட்டார்கள், மூன்று தடவை. நிலைக்கால் நிமிர்ந்தது, ஆனால் அச்செழுத்து மட்டும் அப்புறம் ஒரு இடத்தில் நிற்கவில்லை, வரி வரியாக நெளிந்தது. பெங்களூரிலிருந்து மகள் பிரமு ஒரு டேப்லெட் அனுப்பினாள். கறுப்பாக, சட்டம் போட்டு, மடியில் வைத்தால் ஒன்றாங்கிளாஸ் பிள்ளையின் சிலேட்டு மாதிரி இருந்ததால் வீட்டில் அதற்குச் சிலேட்டு என்றே பேராகிவிட்டது. எழுத்தை எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக்கலாம். அவள் ஆக்கினாள், பக்கத்துக்குப் பத்து வரி, வரிக்கு நாலு வார்த்தை. இருநூற்று எண்பது பக்க நாவல் ஆயிரத்து எழுநூறு பக்கமாக நீண்டு கிடந்தது. எந்தப் பக்கமும் எந்தப் பக்கத்தைப் போலவும் இருந்தது. தடவினால் ஒன்று போய் ஒன்று வந்தது, போனது எங்கே போனது என்று தெரியவில்லை. இடது கனமும் கிடையாது, வலது கனமும் கிடையாது, முதல் வரியிலும் அதே எடை, சாவு வீட்டிலும் அதே எடை. “எது வரைக்கும் வந்திருக்கே?” என்று குற்றாலிங்கம் கேட்பார். கீழே மூலையில் போட்டிருப்பதைப் பார்த்து, “முப்பத்தேழு சதவீதம்” என்பாள். “நான் பக்கத்தைக் கேட்டா நீ எலெக்சன் ரிசல்ட்டு சொல்லுதே” என்று சிரிப்பார். அவளும் சிரிப்பாள். சிரித்துவிட்டு, நேற்று எங்கே விட்டோம் என்று சிலேட்டைத் திறந்து பார்த்தால் அந்தப் பத்து வரியும் முன்னே பின்னே பார்த்த முகமாக இருக்காது. பயந்துபோய்ச் சிலேட்டை மூடிவிடுவாள்.

ஏனென்றால் பெரியக்காவுக்கு இப்படித்தான் ஆரம்பித்தது. சிவகாமி அக்கா, அறுபது முடியவில்லை அப்போது. வாரப்பத்திரிகைத் தொடர்கதை என்றால் உயிரை விடுகிறவள். ஒரு மார்கழியில் ஆவுடை பார்க்கப் போயிருந்தபோது, “ஏட்டி, இவன் இவளைக் கைவிட்டுட்டான் பாத்தியா, பாவி” என்று கண்கலங்கச் சொன்னாள். சாப்பிட்டு எழுந்த பிறகு அதே பத்திரிகையை எடுத்து, அதே வாரத்தை, முதலிலிருந்து படித்து, “ஏட்டி, இவன் இவளைக் கைவிட்டுட்டான் பாத்தியா” என்றாள், அதே கலக்கத்தோடு, ஒரு சொட்டுக் குறையாமல். மூன்றாம் தடவையும் சொன்னபோது ஆவுடை சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பை இன்னும் அவளால் மன்னிக்க முடியவில்லை. நாலே வருஷம். தலை பின்னிவிட்ட தங்கையையே கண்ணாடியில் பார்த்து, “நீங்க யாரு, ரொம்ப இதமாப் பின்னுதிய” என்று கேட்டாள் அக்கா. இப்போது ஆவுடைக்கு ஐம்பத்தொன்பது முடிந்து எட்டு மாசம். தொலைபேசி நிலையத்தில் முப்பது வருஷம் போர்டில் உட்கார்ந்தவள், நானூறு நம்பர் நாக்கு நுனியில் இருந்தவள். பெரியாஸ்பத்திரி, தீயணைப்பு, ஜங்ஷன் ஸ்டேஷன் மாஸ்டர் வீடு, எல்லாம் இப்போதும் வருகிறது, கேட்டுப் பாருங்கள். ஆனால் பழசு எல்லாருக்கும் வரும், அக்காவுக்கும் வந்தது, கடைசி வரைக்கும் தாத்தாவின் வண்டி மாட்டுப் பேர்கூட வந்தது. புதுசு நிற்கிறதா என்பதுதான் கேள்வி. இன்றைக்கு எழுந்து நின்று கதை வராமல் போனால் அது சிலேட்டின் குற்றமா தலையின் குற்றமா என்று எட்வின் சார் வேண்டுமானால் ஆராயட்டும், அவளுக்குத் தெரிந்துவிடும். அதற்காகத்தான் பேரையே கொடுத்தாள். வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? ‘இன்னா பாருங்க, எனக்கு உங்க முகம் மறந்துபோகலாம்’ என்று வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே சொல்லிவிட முடியுமா?

ஆனால் அவருக்கும் சந்தேகம் தட்டிவிட்டது என்றுதான் அவளுக்குத் தோன்றியது. இல்லாவிட்டால் தினமும் சாயங்காலம் அந்தப் பரீட்சை எதற்கு? இந்த இரண்டு மாசமாக ஐந்து மணி அடித்தால் அடுக்களைக்கு வந்து முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்கிறார். “இன்னைக்கு என்ன படிச்சே, சொல்லு பாப்பம்.” முந்திப் போனவர் வாயைத் திறக்கக் கூடாது என்கிற சட்டத்தையே எடுத்துவிட்டார். “நீங்கதான் புஸ்தகத்துல படிக்கியளே, உங்களுக்கு எதுக்கு?” “நானும் அங்கனதான் இருக்கேன், நீ சரியாச் சொல்லுதியான்னு பாக்கேன்.” அவள் சொல்வாள். சொல்லும்போது குறுக்கே கேட்பார். “துரைப்பாண்டியா? அவன் யாரு, சொல்லு.” “அண்ணன்.” “பேச்சி?” “தங்கச்சி.” “சரி, மேல சொல்லு.” மறுநாளும் அதே கேள்வி, துரைப்பாண்டி யாரு, பேச்சி யாரு. ஒருநாள் எரிச்சல் தாங்காமல், “என்ன, என்னைய வச்சு வாய்ப்பாடு ஒப்பிச்சுப் பாக்கியளா?” என்று கத்திவிட்டாள். அவர் நறுக்கிப் போட்டிருந்த நார்த்தங்காய்த் துண்டு ஒன்றை எடுத்து உப்பில் தொட்டு வாயில் போட்டுக்கொண்டு, “கோவப்படாதட்டி, கேக்க நல்லாருக்கு” என்றார். அவள் அதைப் பரிதாபம் என்று எடுத்துக்கொண்டாள். இவளுக்கு ஆரம்பித்துவிட்டது, நோகாமல் சோதிப்போம் என்று நினைக்கிறார், அதனால்தான் இவ்வளவு இதமாகப் பேசுகிறார் என்று அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை.

கைதட்டல் கேட்டது. திரவியம் அண்ணாச்சி உட்கார்ந்துவிட்டார், பெர்சியா எழுந்துவிட்டாள். அடுத்தது நீதான், ஆவுடை. பெர்சியா போனிலேயே படித்தாளாம், காலேஜ் பஸ்ஸில் நின்றுகொண்டே. “பக்க நம்பரெல்லாம் எனக்குத் தெரியாது சார். ஆனா பேச்சி கம்மலைக் கழட்டிக் குடுக்கிற இடத்துல நான் இறங்க வேண்டிய ஸ்டாப்பை விட்டுட்டேன்” என்றாள், ஹால் முழுக்கச் சிரிப்பு. பாருங்கள், இந்தப் பெண்ணும் திரையில்தான் படித்தாள், இதற்கு நிற்கிறதே. அப்போ சிலேட்டின் மேல் பழி போட முடியாது. ஆவுடை கண்ணை மூடினாள். வெள்ளம். நாவலின் கடைசியில் ஒரு வெள்ளம் வருகிறது, அது நிச்சயம். வெள்ளத்தில் என்ன? வாடி, வா. எதுவும் வரவில்லை. நார்த்தங்காய் வாசம் வந்தது. சீ, நான் வெள்ளத்தைக் கேட்டால் நார்த்தங்காய் வருகிறதே. சரி, அது போகட்டும், பம்பாயிலிருந்து ஒரு கடிதம் வருமே, அதில் என்ன எழுதியிருந்தது? மொட்டைமாடிக் கொடியில் காய்ந்த வேட்டியின் வெயில் சூடு கையில் தட்டியது. கடிதத்தைக் காணோம். கெட்டது கதை! ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள். நாவலைக் கேட்டால் வீடு வந்தது, முக்காலி வந்தது, முருங்கைக்கீரை ஆய்ந்த முறம் வந்தது. அக்காவுக்கும் கடைசியில் இப்படித்தானே, ஒன்றைக் கேட்டால் இன்னொன்று வரும்.

கை சும்மா இருக்கவில்லை. மடியில் மஞ்சப்பை இருந்தது, அதற்குள் குற்றாலிங்கத்தின் அச்சுப் புத்தகம். ஸ்கூட்டரை நிறுத்தும்போது, “நீயே வச்சுக்க” என்று கொடுத்துவிட்டுப் போனார். வருகிற வழியில் ஒரு கூத்து, மைதானத்துப் பக்கம் திரும்பாமல் நேரே போய்விட்டார். “எங்க போறிய?” என்றதற்கு, “சும்மா, காத்து வாங்கிட்டுப் போவம்” என்றார். நாலு தெரு சுற்றி வந்தார்கள். இந்த ஊரில் எந்தத் தெருவில் எத்தனையாவது கம்பம் சாய்ந்திருக்கிறது என்று தெரிந்த லைன் இன்ஸ்பெக்டர், அவருக்குக் காற்று வாங்கவும் உரிமை உண்டு என்று அவளும் பின்னால் சும்மா இருந்தாள். இப்போது பைக்குள் கையை விட்டுப் புத்தகத்தைத் தொட்டாள். எத்தனை மாசமாயிற்று ஒரு புத்தகத்தை இப்படிக் கனமாகப் பிடித்து. அச்செழுத்து நெளியும், அதனால் இதை அவள் ஒரு தடவைகூடத் திறந்ததில்லை. படிக்க வேண்டாம், பிடித்தால் போதும், பிடித்தால் தைரியம் வரும் என்று வெளியே எடுத்தாள். பக்கவாட்டில் விரல் ஓட்டினாள், பழைய பழக்கம், அவருடைய அளவெடுக்கும் அட்டை எங்கே நிற்கிறது என்று பார்க்க. அட்டை ஆரம்பத்திலேயே நின்றது. அரை விரல்கடைகூட இல்லை. அதற்கு முன்னால் உள்ள பக்கங்களின் ஓரம் கருத்து, எண்ணெய்ப் பிசுக்கேறி, பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் பாடப்புத்தகம் மாதிரி உப்பியிருந்தது. அதற்கு அப்புறம் உள்ள பக்கமெல்லாம் கடையிலிருந்து வந்தபடி வெள்ளைவெளேரென்று ஒட்டிக்கொண்டு கிடந்தது. அடப்பாவி மனுஷா, படிக்கவே இல்லையா? நானும் அங்கனதான் இருக்கேன்னு எத்தனை தடவை புளுகினீர்! அவளுக்குச் சிரிப்பு வந்தது. சோம்பேறி, பெண்டாட்டி வாயால் கேட்டே கதையை முடித்துவிட்டார். சளியாம், தொண்டையாம், இப்பல்ல தெரியுது. இன்றைக்கு வீட்டுக்குப் போய் இருக்கிறது கச்சேரி.

சிரித்துக்கொண்டே திறந்தாள். அச்சு நெளிந்தது, எறும்புச் சாரியாக ஓடியது, ஆனால் ஓரத்து வெள்ளையில் பென்சில் எழுத்து நெளியவில்லை. குற்றாலிங்கத்தின் எழுத்து கம்பத்தில் பெயின்டால் நம்பர் எழுதிய எழுத்து, தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரிய வேண்டும் என்று பெரிசு பெரிசாகப் பழகியது. ஐந்தாம் பக்கத்தில்: துரைப்பாண்டி = அண்ணன். சரி, இவரும் குறித்து வைத்துக்கொண்டுதான் படிக்கிறாரா. ஏழாம் பக்கத்தில்: துரைப்பாண்டி = அண்ணன். மாசானம் = தம்பி. அடுத்த தாளில்: மாசானம் = தம்பி. பேச்சி = தங்கச்சி. பத்தாம் பக்கத்தில் துரைப்பாண்டி மறுபடியும் அண்ணன், அடிக்கோடு போட்டு. பதினெட்டில், இருபத்திமூன்றில், முப்பதில். ஒரு பக்கத்தில் பேச்சி யார் என்று கேள்விக்குறி போட்டு, அப்புறம் வேறு அழுத்தத்தில், தங்கச்சி என்று எழுதியிருந்தது. ஆவுடையின் சிரிப்பு எங்கே போயிற்று என்று அவளுக்கே தெரியவில்லை. அட்டை இருந்த இடத்துக்கு வந்தாள். நாற்பது என்று பென்சிலால் எழுதி வட்டம் போட்டிருந்தார். கீழே, பக்கத்து அடிவெள்ளையில்: அம்மா சோறு எடுத்து வச்சிருக்கா. மாசானம் வரல. அதற்கும் கீழே தேதிகள். ஆகஸ்ட் 12, இதுவரை. 13, இதுவரை. 15, இதுவரை. 21, இதுவரை. செப்டம்பர் 3, இதுவரை. 4, இதுவரை. அதே நாற்பது. ஒவ்வொரு நாளும் முதலிலிருந்து நடந்து வந்து, அதே அம்மா சோற்றோடு காத்திருக்கிற இடத்தில் நின்று, மறுநாள் மறுபடியும் முதலிலிருந்து. கடைசியாக, தேதி இல்லாமல், எழுத்து கொஞ்சம் சரிந்து, ஒரே ஒரு வரி. மிச்சத்தை ஆவுடை சொல்லுவா.

எனக்கில்லை. முதலில் அதுதான் தோன்றியது அவளுக்கு, ஒளிப்பானேன். எனக்கில்லை, எனக்கு ஒன்றுமில்லை, பயத்தில் குழம்பியிருக்கிறேன், அவ்வளவுதான். மூச்சு நெஞ்சு நிறைய வந்து போனது. அடுத்த மூச்சு வருவதற்குள் கூசிப் போனாள். யாருக்கு வந்த எதைப் பார்த்து யாருக்கு ஆறுதல்? ஏட்டி, இவன் இவளைக் கைவிட்டுட்டான் பாத்தியா. பாத்தேன் அக்கா, பாத்தேன். முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, துரைப்பாண்டி யாரு சொல்லு என்று கேட்டது பரீட்சை இல்லை. நேற்று கேட்டதையே இன்றைக்கும் கேட்டது என்னைச் சோதிக்க இல்லை. தெரியாமல் கேட்டிருக்கிறார். தெரிந்துகொண்டால் நாளைக்கும் நம்மோடு அந்தக் கதைக்குள் இருக்கலாம் என்று கேட்டிருக்கிறார். நான் வாய்ப்பாடு ஒப்பிச்சுப் பாக்கியளா என்று கத்தினேன், அந்த மனுஷர் நார்த்தங்காயை வாயில் போட்டுக்கொண்டு, கேக்க நல்லாருக்கு என்றார். எத்தனை நாளாக, யாரிடமும் சொல்லாமல், இந்தப் பென்சிலை வைத்துக்கொண்டு தனியாக? அவரும் வெண்டைக்காய் நறுக்குகிற நேரத்தில் சொல்லலாமா என்று பார்த்திருப்பாரோ? ஒரே வீட்டில் ஒரே பயத்தை இரண்டு பேர் ஆளுக்கொரு மூலையில் ஒளித்து வைத்துக்கொண்டு ஐந்து மணிக்கு உட்கார்ந்து கதை பேசியிருக்கிறோமே. அழுகை வந்தது, முந்தானையை எடுத்துக் கண்ணை அழுத்தினாள். கண் ஊசி போட்ட பிறகு நீர் வடிகிறது என்று பக்கத்தில் இருப்பவர் நினைத்துக்கொள்ளட்டும். திரும்பிப் பார்த்தாள். கடைசி வரிசையில் குற்றாலிங்கம் ஜன்னலுக்கு வெளியே கம்பிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் தூரத்தில் ஒரு மங்கலாகத்தான் தெரிந்தது, ஆனாலும் பார்க்கிறாள் என்று எப்படியோ தெரிந்து திரும்பினார், கையை மேலே தூக்கிக் காட்டினார். கம்பத்தில் ஏறியிருப்பவனுக்கு, ஆகட்டும், நான் கீழே இருக்கேன் என்று காட்டுகிற கை. நார்த்தங்காய். அட, நார்த்தங்காய்! அன்றைக்குத்தான் வெள்ளம். அவள் நறுக்கிக்கொண்டே சொன்னாள், துரைப்பாண்டி ஏழாம் மதகைத் திறந்துவிட்டான், ஊர் பிழைக்கத் தன் வயலை முக்கினான் என்று. இவர் கையில் உப்போடு அப்படியே உட்கார்ந்திருந்தார். கடிதம் மொட்டைமாடியில், வேட்டியை ஆளுக்கொரு முனை பிடித்து மடிக்கும்போது. மாசானம் எழுதியிருந்தான், அண்ணே, இங்கே தண்ணீர் குழாயில் வருகிறது, திறக்க யாரிடமும் சாவி கேட்க வேண்டாம் என்று. சாவி! சாவி தொலைந்தது முருங்கைக்கீரை அன்றைக்கு. எல்லாம் இருந்தது. சிலேட்டில் இல்லை, தலையிலும் தனியாக இல்லை, சொன்ன இடத்தில் இருந்தது, யாரிடம் சொன்னாளோ அவர் உட்கார்ந்திருந்த முக்காலியைச் சுற்றி வரிசை பிசகாமல் கிடந்தது.

“அடுத்து, நம்ம ஆவுடையம்மா. சிலேட்டுல படிச்சவங்க. அம்மா, வாங்க, வட்டத்து விதி தெரியும்ல, கையில ஒண்ணும் இருக்கக் கூடாது” என்றார் எட்வின் சார். அவள் எழுந்தாள். அட்டையை நாற்பதிலேயே வைத்தாள், கலைக்காமல். தலையில் இருந்த கொண்டை ஊசியை உருவி அதே நாற்பதில், அட்டைக்குப் பக்கத்தில் செருகி, புத்தகத்தைப் பைக்குள் வைத்தாள். மேஜைக்கு முன்னால் போய் நின்றபோது ஐம்பது முகமும் ஒரு கலங்கலாகத் தெரிந்தது, நல்லதாகப் போயிற்று, அவளுக்கு ஒரு முகம் போதும். மனசுக்குள் நிறைய ஓடியது. நாளைக்குப் பிரமுவுக்குப் போன் பண்ண வேண்டும், நல்ல டாக்டராகப் பார்க்க வேண்டும், சீக்கிரம் பார்த்தால் கொஞ்சம் தள்ளிப் போடலாம் என்கிறார்கள், அக்காவுக்கு நாம் அதைச் செய்யவில்லை. வீட்டுக்குப் போகும்போது மைதானத்துப் பக்கம் திரும்புங்க என்று முன்கூட்டியே, சாதாரணமாகச் சொல்ல வேண்டும். இன்றைக்குச் சாயங்காலமே, இல்லை, நாளைக்குச் சாயங்காலம், முக்காலியில் உட்கார்ந்ததும், நான் பயந்துகொண்டிருந்ததை முதலில் சொல்லிவிட வேண்டும், நான் சொன்னால் அவரும் சொல்வார். அதெல்லாம் அப்புறம். தொண்டையைச் சரிசெய்துகொண்டாள்.

“எல்லாரும் முதல்லேருந்து சொன்னாங்க. நான் நாப்பத்தொண்ணாம் பக்கத்துலேருந்து சொல்லுதேன்.”

திரவியம் அண்ணாச்சி, “நாப்பத்தொண்ணா, எதுக்கு?” என்றார். அவள் அவரைப் பார்க்கவில்லை. கடைசி வரிசையில் ஜன்னலோரத்து மங்கலைப் பார்த்தே சொன்னாள். “அம்மா சோறு எடுத்து வச்சிட்டு உக்காந்திருக்கா. மாசானத்துக்காக. மாசானம்னா தம்பிக்காரன். அண்ணன் பேரு துரைப்பாண்டி, தங்கச்சி பேச்சி. மூணே பேரு, ஒண்ணும் அவசரமில்ல, நான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கிட்டேதான் போவேன். அம்மா விளக்கைத் தூண்டி வைக்கா. சோறு ஆறிப்போச்சு. அவன் வரமாட்டான்.”

கடைசி வரிசையிலிருந்து, சளியெல்லாம் ஒன்றும் இல்லாத ஒரு குரல், அடுக்களையில் தினமும் ஐந்து மணிக்குக் கேட்கிற அதே குரல், சத்தமாகக் கேட்டது.

“ஏன் வரமாட்டான்?”

இரண்டொரு பேர் சிரித்தார்கள். ஆவுடையும் சிரித்தாள், கண்ணில் நீர் அதுபாட்டுக்கு வழிந்தது.

“சொல்லுதேன்” என்றாள். “எல்லாத்தையும் சொல்லுதேன். நீங்க கேளுங்க.”